குச்சி மனிதர்களும் விடுபட்ட ஒரு வரியும்

அசையும் கோடுகள் – 17

கையகல அட்டை. அதில் பேனாவால் இழுத்த ஒரு குச்சி மனிதன்: தலைக்கு வட்டம், உடம்புக்குக் கோடு, கை கால்களுக்கு நான்கு கோடுகள். இவனைப் போலவே கிறுக்கப்பட்ட இன்னொருவன் தள்ளாடித் தள்ளாடி நெருங்குகிறான். கோடு ஓடுகிறது, கோடு துரத்துகிறது. ஆனால் காதில் விழும் வசனமும் அலறலும் மூச்சிரைப்பும் நிஜ மனிதர்களுடையவை. 1968இல் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஜார்ஜ் ரொமெரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற பேய்ப்படத்தின் ஒலித்தடத்தை அப்படியே உருவி, அதற்குக் குச்சி மனிதர்களை நடிக்கவிட்டிருக்கிறார் ராபின் ஸ்டீல். 'ஸ்டிக் ஃபிகர் தியேட்டர்' என்று பெயர். முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில், அந்தக் குச்சி பிழைக்குமா என்று கவலையும் வரும்.

சென்ற வாரம் சிம்சன்ஸ் குடும்பம் டிரேசி உல்மன் நிகழ்ச்சியின் இடைவெளிகளில் பிறந்த கதையோடு நின்றது. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் பேராக்கின் கார்ட்டூன் ஓவியர் லாட்டும் அவருடைய 'காம்போங் போய்' தொலைக்காட்சித் தொடரும், மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படத்தைச் செய்த ஆனந்தம் சேவியரும் என்று அறிவிப்பு வந்திருந்தது. வருவார்கள். ஆனால் குச்சி மனிதர்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்; அவர்களைக் கடந்துதான் லாட்டின் ஊரான ஈப்போவுக்குப் போக வேண்டும்.

அந்தக் குச்சிகள் குடியிருந்த வீட்டின் பெயர் 'லிக்விட் டெலிவிஷன்'. 1991 ஜூன் 2ஆம் தேதி எம்டிவியில் தொடங்கியது. ஜாஃபட் ஆஷர் என்பவரின் யோசனை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கொலோசல் பிக்சர்ஸ் தயாரிப்பு. அரை மணி நேரத்துக்குள் ஏழெட்டுக் குறும்படங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்து விழும். ஒன்று பொம்மலாட்டம், ஒன்று களிமண், ஒன்று கணினி, ஒன்று வெறும் கிறுக்கல். தொகுப்பாளர் கிடையாது, 'அடுத்து வருவது' என்று யாரும் அறிவிப்பதில்லை. ஒன்று பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும், வேறொன்று வந்துவிடும். அந்த இரண்டு நிமிடப் பொறுமையை நம்பித்தான் மொத்தக் கடையும் நடந்தது. பெரியவர்களுக்கான கார்ட்டூன் என்றால் ஆபாசம் என்றே பலர் எண்ணிய காலத்தில், பெரியவர்களுக்கானது என்பது விசித்திரமாகவும் இருக்கலாம், புரியாமலும் இருக்கலாம், அரைகுறையாக முடிந்தும் போகலாம் என்று இந்த நிகழ்ச்சி காட்டியது.

பீட்டர் சங் என்ற ஓவியரை எடுத்துக்கொள்ளலாம். சியோலில் பிறந்தவர். 'ரக்ராட்ஸ்' என்ற குழந்தைகள் தொடரின் தொடக்க வேலைகளில் இருந்தவர். குண்டுத் தலையும் குட்டிக் கைகளுமாகத் தவழும் குழந்தைகளை வரைந்து சலித்த கை, லிக்விட் டெலிவிஷனில் 'ஈயான் ஃப்ளக்ஸ்' என்ற நெடுநெடு உளவுக்காரியை வரைந்தது. வசனம் ஏறத்தாழ இல்லை. எதிரிகளைக் குவியல் குவியலாகச் சாய்த்துக்கொண்டு உச்சிக்கு ஏறுகிற நாயகி, கடைசியில் ஓர் ஆணியை மிதித்து, பிடி நழுவி, விழுந்து செத்துப்போகிறாள். அதோடு கதை முடிந்தது என்றுதான் சங் நினைத்தார். இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். 1992இல் ஐந்து தனிக் குறும்படங்கள் செய்தார்; ஐந்திலும் அவளைக் கொன்றார். கதாநாயகி சாகலாமா என்று எந்த விநியோகஸ்தரும் கேட்க முடியாத அளவுக்கு அவை சின்னப் படங்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மைக் ஜட்ஜ் இன்னொருவர். இயற்பியல் பட்டதாரி, பொறியாளர் வேலை, அப்புறம் இசைக்குழுவில் பாஸ் கிதார். 1989 வாக்கில் பழைய 16 மி.மீ. காமிரா ஒன்றை வாங்கி வீட்டிலேயே படம் செய்ய ஆரம்பித்தார். அவருடைய 'ஃபிராக் பேஸ்பால்' 1992இல் இந்த நிகழ்ச்சியில் வந்தது: இரண்டு விடலைகள், ஒரு தவளை, ஒரு மட்டை, மேற்கொண்டு விவரிக்காமல் விடுவது தவளைக்கு மரியாதை. அந்த இரண்டு நிமிடத்திலிருந்து 1993 மார்ச்சில் 'பீவிஸ் அண்ட் பட்ஹெட்' முளைத்தது. அதே ஆள் செய்த, மில்டன் என்ற முணுமுணுக்கும் குமாஸ்தாவைப் பற்றிய குறும்படங்கள் 1999இல் 'ஆஃபீஸ் ஸ்பேஸ்' என்ற முழுநீளப் படமாயின. ஒரு தொகுப்பு நிகழ்ச்சி மூன்றே பருவங்களில் இத்தனை நாற்றுகளை விட்டுவிட்டு ஓய்ந்தது.

இப்போது தலைப்பில் சொன்ன அந்த விடுபட்ட வரிக்கு வரலாம். இந்த வாரம் முழுக்கத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த சங்கதி அதுதான்.

ரொமெரோவின் படத்து ஒலியை ஸ்டீல் எப்படி எடுத்தாண்டார்? உரிமைக்காரர் வழக்குப் போட மாட்டாரா? போட முடியாது. அந்தப் படத்துக்கு உரிமைக்காரரே இல்லை. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சேர்ந்து, ஏறத்தாழ 1,14,000 டாலரில் முடித்த படம் அது. அவர்கள் வைத்த பெயர் 'நைட் ஆஃப் த ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. விநியோகத்துக்கு எடுத்த வால்ட்டர் ரீட் நிறுவனத்துக்கு அந்தப் பெயர் சரிப்படவில்லை, மாற்றினார்கள். தலைப்பு அட்டையைக் கழற்றி, புதுத் தலைப்பு எழுதிய அட்டையைப் பொருத்தினார்கள். பழைய அட்டையின் அடியில் பதிப்புரிமை அறிவிப்பு ஒரு வரியில் இருந்தது. புதியதில் அந்த வரியைப் போட மறந்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அறிவிப்பு இல்லாமல் வெளியான படைப்பு பொதுச் சொத்து. 1968 அக்டோபரில் திரைக்கு வந்த கணமே அது ஊராருடைய படம். எந்த அரங்கமும் திரையிடலாம், எந்தத் தொலைக்காட்சியும் ஒளிபரப்பலாம், பிற்பாடு வீடியோ வந்தபோது எந்தக் கடைக்காரரும் பிரதி எடுத்து விற்கலாம். எடுத்தவர்கள் கைக்குச் சேர வேண்டிய பணம் உலகம் முழுக்கச் சிதறியது. அறிவிப்பு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்று அமெரிக்கச் சட்டம் மாறியது 1989 மார்ச்சில். இருபது ஆண்டு தாமதம்.

ஆனால் அந்த மறதியால்தான் படம் எங்கும் போய்ச் சேர்ந்தது. காசு கொடுக்க வேண்டாம் என்பதால் நள்ளிரவு நேரத்தை நிரப்பத் தவித்த தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாம் அதையே ஓட்டின. இன்றைக்கு நாம் ஸோம்பி என்று அழைக்கிற, கூட்டம் கூட்டமாகத் தள்ளாடி வந்து மனிதர்களைத் தின்கிற பிணம், உலகத்துக்குப் பழக்கமானது அந்த இலவசப் படத்தால். (படத்தில் ஸோம்பி என்ற சொல் வரவே வராது.) தலைப்பு அட்டையில் ஒரு வரி மறந்திருக்காவிட்டால் அது பிட்ஸ்பர்க்காரர்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கும் சின்னப் படமாக நின்றிருக்கலாம். ராபின் ஸ்டீலின் குச்சிகளுக்கும் குரல் கிடைத்திருக்காது.

பேராக்கின் தஞ்சோங் மாலிமுக்கும் இதில் பங்கு உண்டு.

2007இல் மலேசியத் திரைக்கு 'ஸோம்பி காம்போங் பீசாங்' வந்தது. பெயருக்கேற்றபடி வாழைக் கிராமம் ஒன்றில் பிணங்கள் எழுந்து நடக்கின்றன. கைலியும் பனியனுமாகத் தள்ளாடுகின்றன. ஊர்க்காரர்கள் ஓடி ஒளிகிற அவசரத்திலும் வாய்ச்சண்டையை விடுவதில்லை. இயக்கியவர் மமாட் காலிட், ஈப்போவில் பிறந்தவர். அடுத்த ஆண்டே 'காலா மாலாம் பூலான் மெங்காம்பாங்' என்று கறுப்பு வெள்ளையில் ஒரு கேலிப் படம் எடுத்தார்; 2010இல் இன்னொரு படத்தில் காக் லீமா என்ற பெண்ணைப் பேயாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். கடைசிக் காலத்தில் தஞ்சோங் மாலிமில் 'சாராங் ஆர்ட் ஹப்' என்ற கலைக்கூடத்தை நடத்திவந்தார். 2021 அக்டோபரில் காலமானார். மலாய்ப் பேய்ப்படத்தைச் சிரிப்புப் படமாக்கியதில் அவருக்கு இணை சொல்வது கடினம். பிட்ஸ்பர்க்கில் விடுபட்ட வரி கடல் கடந்து வந்து பேராக் கிராமத்தில் கைலி கட்டிக்கொண்டது என்று சொன்னால் அதிகப்படி ஆகாது.

அவருடைய அண்ணன் பெயர் முகமட் நோர் காலிட். ஊர் அழைப்பது லாட் என்று.

ஆக, ஈப்போ வந்தாயிற்று.

லாட் 1951இல் கோப்பெங்கை அடுத்த கோத்தா பாருவில் பிறந்தார். அப்பா இராணுவத்தில் எழுத்தர். குடும்பம் 1962இல் ஈப்போவில் குடியமர்ந்தது. பாசிர் பூத்தே சாலைப் பள்ளி, பிறகு ஆண்டர்சன் பள்ளி. பதின்மூன்று வயதில் வரைந்த சித்திரக்கதையைப் பினாங்குப் பதிப்பகம் ஒன்று 25 வெள்ளிக்கு வாங்கி அச்சிட்டது. பதினேழு வயதில் 'பெரித்தா மிங்கு' ஞாயிறிதழில் 'கெலுவார்கா சி மாமாட்' தொடங்கினார். அது இருபத்தாறு ஆண்டுகள் ஓடியது. வாராவாரம் எழுதுகிற எவருக்கும் அந்த எண்ணைக் கேட்டால் மூச்சு முட்டும்.

அவருக்கு ஆங்கிலப் பத்திரிகையில் இடம் கிடைத்த கதை தனிச் சுவை. 1974இல் ஹாங்காங்கின் 'ஏஷியா மேகஸின்' லாட் வரைந்த சுன்னத்துச் சடங்குச் சித்திரங்களை வெளியிட்டது. 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' தலைமை ஆசிரியர் லீ சியூ யீ அவற்றைப் பார்த்து அசந்துபோய், இந்த ஆளை எங்கிருந்தாலும் பிடித்து வாருங்கள் என்றார். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. லாட் அதே நிறுவனத்தின் 'பெரித்தா ஹரியான்' நாளிதழில் குற்றச்செய்தி நிருபராகக் காவல் நிலையங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஹாங்காங் வழியாகச் சுற்றி வந்தால்தான் சொந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர் கண்ணில் படுவார் என்பது பத்திரிகை உலகத்துப் பழைய நோய்.

1979இல் 'த காம்போங் போய்' புத்தகம். கிந்தா ஆற்றுச் சமவெளியின் சிறுவன் ஒருவன், ஈயச் சுரங்கத்தின் ஓரத்தில் வளர்ந்து, படிப்புக்காக ஈப்போவுக்குக் கிளம்புவது வரை. பக்கம் பக்கமாக அந்தச் சிறுவனுக்குப் பின்னால் ஈயக் கப்பல் ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். அந்த ராட்சசனை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங் போகலாம்: 1938இல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்த ஐந்தாம் எண் கப்பல், 4,500 டன் எடையோடு குளத்தில் நிற்கிறது. 2006இல் புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்பு வந்தபோது அட்டையில் மனமாரப் பாராட்டு எழுதியவர் மேட் குரோனிங். ஆம், சென்ற வாரம் பார்த்த அதே சிம்சன்ஸ் குரோனிங்தான். கோப்பெங் சிறுவனும் ஸ்பிரிங்ஃபீல்டு சிறுவனும் ஒரே அட்டையில் சந்தித்தார்கள்.

தொலைக்காட்சித் தொடர் 1997இல் வெள்ளோட்டம் விட்டு, பின்னர் ஆஸ்ட்ரோவில் 26 அத்தியாயங்களாக ஓடியது. கதையும் முகங்களும் பேராக்குடையவை. அசைத்த கைகள் கனடாவின் லேஸ்வுட் நிறுவனத்திலும் பிலிப்பைன்ஸிலும் இருந்தன. ஓர் அத்தியாயத்துக்குச் சராசரியாக மூன்றரை லட்சம் ரிங்கிட் செலவு. 'ஓ! தோக்' என்ற அத்தியாயத்துக்கு 1999இல் பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவில் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஊரே அஞ்சும் ஆலமரம் பற்றிய கதை அது. அனிமேஷன்காரர்களுக்கு அன்னெசி என்றால் படக்காரர்களுக்குக் கான் மாதிரி.

நல்ல தொடர்தான். இருந்தாலும் அது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர். செய்தித்தாளில் மந்திரிகளின் மூக்கையும் கல்யாண வீட்டுக் கூட்டத்தையும் போக்குவரத்து நெரிசலையும் கிண்டலடித்த லாட், பெரியவர்களின் லாட், அசையவே இல்லை. அவர் வரைந்த சீக்கியத் திருமணக் காட்சியை இரண்டு நிமிடப் படமாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆனால் இரண்டு நிமிடப் படத்தை யார் எங்கே போடுவது? அரை மணி நேரம் என்றால் விளம்பரதாரர் வருவார். இருபத்தாறு அத்தியாயம் என்றால் வெளிநாட்டு விற்பனை பேசலாம். இரண்டு நிமிடத்துக்கு நம் தொலைக்காட்சியில் கதவே கிடையாது.

இதே ஈப்போ இதற்கு மறுகோடியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. 2017 ஜூன் மாதம் மேரு ராயாவில் 'மேப்ஸ்' என்ற அனிமேஷன் கேளிக்கைப் பூங்கா திறந்தது. முதலீடு ஏறத்தாழ 52 கோடி ரிங்கிட். மலேசிய அனிமேஷன் நாயகன் போபோய்பாய் அங்கே இருந்தான், ஸ்மர்ஃப்கள் இருந்தார்கள். போபோய்பாயின் தோழன் கோபாலைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் குதூகலித்தார்கள். எதிரே இருப்பதைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி படைத்தவன் கோபால், யாருக்குத்தான் பிடிக்காது! 2020 ஜனவரி இறுதியில் பூங்கா மூடப்பட்டது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது மார்ச் 18ஆம் தேதிதான் என்பதால் கிருமியின் மேல் பழி போடவும் வழியில்லை.

சின்னக் கணக்கு ஒன்று. 52 கோடியை மூன்றரை லட்சத்தால் வகுத்தால் 1,485 வருகிறது. 'காம்போங் போய்' அத்தியாயங்கள், அன்றைய விலையில். விலைவாசியைச் சேர்த்துப் பாதியாகக் குறைத்தாலும் எழுநூற்றுச் சொச்சம். அதில் ஒரு துளியை எடுத்து, வாரத்துக்கு ஏழெட்டுக் குறும்படம் போடும் அரை மணி நேரத்தை ஈப்போ இளைஞர்களுக்குக் கொடுத்திருக்கலாம். சறுக்குமரம் கட்டினால் அமைச்சர் ரிப்பன் வெட்டலாம். இரண்டு நிமிடக் கிறுக்கலில் வெட்டுவதற்கு ரிப்பன் இல்லை. வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் முக்கியப் படத்துக்கு முன்னால் வருகிற சின்னப் படம் பேராக் தோட்டங்களுக்குப் புதிதல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. தோட்டத்து மக்களின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்ற கவலை அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டது. 1946இல் தொடங்கப்பட்டிருந்த மலாயன் ஃபிலிம் யூனிட் குறும்படங்களை எடுத்துத் தள்ளியது. தமிழ் வருணனையோடும் எடுத்தது. தகவல் துறை வண்டிகள் செம்மண் சடக்கில் குலுங்கி வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டின. கிராணி வீட்டுப் பிள்ளைகள் முன்னால், பால்மரம் வெட்டிக் களைத்தவர்கள் பின்னால். சுகாதாரம், சேமிப்பு, ஒற்றுமை எல்லாம் பத்துப் பத்து நிமிடத்தில் ஓடின. பிரசாரம்தான். ஆனாலும் பாட்டும் சண்டையும் இல்லாத குட்டிப் படத்தையும் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் நம் தோட்டத்துக்கு அன்றே வந்துவிட்டது. பின்னாளில் அமெரிக்காவின் 'அடல்ட் ஸ்விம்' ஒளிபரப்பில் டேவ் ஹியூஸ் 'ஆஃப் தி ஏர்' என்ற குறும்படத் தொகுப்பை 2011இல் தொடங்கியபோது அதற்குக் கிடைத்த நேரம் விடியற்காலை நான்கு மணி. அங்கே தூக்கம் வராத இளைஞர்கள் விழித்திருக்கும் நேரம். இங்கே பெரட்டுக்கு எழுந்து அடுப்பு மூட்டிய நேரம்.

குறும்படம் என்றதும் இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பிரிட்டனின் சேனல் 4, ஆர்ட்மன் நிறுவனத்திடம் 'லிப் சிங்க்' என்ற பெயரில் ஐந்து குறும்படங்கள் கேட்டு வாங்கியது. அதில் ஒன்று நிக் பார்க் 1989இல் முடித்த 'கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்'. 1991இல் ஆஸ்கார் வாங்கியது. முதியோர் இல்லத்திலும் குடியிருப்புகளிலும் சாதாரண மனிதர்களிடம் வீடு எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்து ஒலிப்பதிவு செய்தார்கள். அந்தக் குரல்களைக் களிமண்ணில் செய்த மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் போட்டார்கள். பிரேசிலில் இருந்து வந்த மாணவர் ஒருவர், இங்கே வெயிலே இல்லை, இடம் போதவில்லை, சாப்பாடு சகிக்கவில்லை என்று உண்மையாகவே புலம்பியது, கூண்டுக்குள் இருக்கும் காட்டுப்பூனை இனத்து விலங்கின் புலம்பலாக வெளிவருகிறது. சிரித்து முடித்த பிறகுதான் அந்த மாணவரின் வாடகை அறை மனசில் வந்து உட்காரும்.

குச்சி மனிதர்களும் இந்தக் களிமண் விலங்குகளும் ஒரே சூத்திரம்: குரல் முதலில், உருவம் பிறகு. குரல் நிஜமாக இருந்தால் உருவம் நான்கு கோடாக இருந்தாலும் போதும்.

அந்தக் குரல் ஈப்போவில் கொட்டிக் கிடக்கிறது. பேராக்கின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபின் லயத்தை விட்டு வெளியேறியவர்களில் கணிசமானவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளில் வந்து சேர்ந்தார்கள். மாடு இல்லை, ஆடு இல்லை, முருங்கை இல்லை. நான்காவது மாடியில் கோழிக்குக் கூண்டு வைத்தால் நகராண்மைக் கழகக் கடிதம் வரும். மின்தூக்கி பழுதான நாளில் ஒரு பாட்டி படியேறிக்கொண்டே பேசுவதை எழுத்து மாறாமல் பதிவு செய்தால் போதும். நக்கலும் மலாய்ச் சொற்களும் பழைய துரையைப் போல நடித்துக் காட்டும் குரல் மாற்றமும் அதிலேயே இருக்கும்; எழுத்தாளர் தேவையில்லை. அந்தக் குரலை ஓர் ஆட்டின் வாயில் வையுங்கள். அடுக்குமாடி வராந்தாவில் நின்றுகொண்டு மேய்ச்சல் நிலம் பற்றிப் பேசும் ஆடு. இரண்டு நிமிடம். 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜூவும் முத்து மாமாவும் வந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ராஜூ சிறுவன்; அவனுடைய பாட்டிக்கு எப்போது வாய்ப்பு?

செய்வதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வினாடிக்குப் பன்னிரண்டு படம் என்ற வழக்கக் கணக்கில் இரண்டு நிமிடத்துக்கு 1,440 அட்டைகள். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி. அந்தப் பாட்டியிடம் அனுமதி மட்டும் முறைப்படி கேட்க வேண்டும். தலைப்பு அட்டையில் அவர் பெயரையும் போட வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிட்ஸ்பர்க் இருக்கிறது.

பக்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஆனந்தம் சேவியர் இன்னும் உள்ளே வரவில்லை. இந்த வாரத்துக்கு வாக்களித்த இரண்டாவது பாதி அவர்தான். மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான 'ஹிக்காயாட் சங் கஞ்சில்' அவருடைய படைப்பு. மலாயன் ஃபிலிம் யூனிட்டின் வாரிசான ஃபிலிம் நெகாராவில் அவர் அரங்க வடிவமைப்பாளர். அனிமேஷன் அவருடைய வேலைப் பட்டியலிலேயே இல்லை. 1978இல் படம் முடிந்தது. தொலைக்காட்சியில் வந்தது 1983இல். ஐந்து ஆண்டு அலமாரியில் கிடந்த சருகுமான், அதற்குப் பிறகு ஹசான் முத்தலிப் கையில் குரங்கையும் முதலையையும் ஏமாற்றப் புறப்பட்டது. அதே ஹசான் 1998இல் 'சீலாட் லெகெண்டா'வையும் இயக்கி நாட்டின் முதல் முழுநீள அனிமேஷன் படத்துக்குக் கையெழுத்திட்டார். இதை நான்கு வரியில் முடிப்பது அநியாயம்.

ஆகவே அடுத்த வாரம் கட்டாயம் ஆனந்தம் சேவியர். 1947இல் ஜெமினி ஸ்டூடியோவில் தாணு வரைந்த 'சினிமா கதம்பம்' குறுக்கே வந்து நிற்காமல் இருந்தால்.